அடக்கத்தின் பகட்டு

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரிலிருந்து பான்டியாக் நகர் நோக்கி நீளும் உட்வர்ட் சாலையில், 1995 முதல் ஆகஸ்டு மாதத்தில் பழைய கார்களின் பவனி நடைபெற்று வருகிறது. விடுப்பில் சென்ற பங்குத்தந்தை ஒருவருக்குப் பதிலாகப் பணியாற்ற அப்பகுதிக்குச் சென்றிருந்தபோது, ஒரு கோடையில் நானும் அதைக் கண்டேன்.

அங்கே பெரிதும் கொண்டாடப்படுபவை ‘மசில் கார்’கள். நடுத்தரக் குடும்பக் காருக்குள் பெரிய காருக்குரிய எஞ்சினைப் பொருத்தி 1964இல் வெளிவந்த பான்டியாக் ஜி.டி.ஓ. இவ்வகைக்கு வழிகாட்டியது என்பர். காப்பீட்டுக் கட்டணமும் புகைக் கட்டுப்பாடும் 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் அவற்றின் காலத்தை முடித்தன. எஞ்சியவற்றை ஆர்வலர்கள் தம் விருப்பப்படி மாற்றியமைக்கிறார்கள். எவ்வாறு மாற்றுவது என்பதில்தான் இரு மரபுகள்.

ஒரு சாரார் கண்காட்சிக்கென்றே அழகுபடுத்துகிறார்கள். கதவுக் கைப்பிடிகளை அகற்றி, அந்த இடத்தை நிரவி, பல அடுக்கு வண்ணம் தீட்டி, அடிப்பாகத்தையும் மெருகேற்றி, அதனையும் பிறர் காணவேண்டுமெனக் காருக்கு அடியில் நிலைக்கண்ணாடி வைக்கிறார்கள். இவற்றுள் சில சாலையில் ஓடுவதே இல்லை. வேறொரு வண்டியில் ஏற்றப்பட்டே வந்து சேர்கின்றன. மறு சாரார் பம்பரைச் சிறிதளவு உள்ளே தள்ளுவார்கள்; அதில் துருத்தி நிற்கும் போல்ட் தலைகளை மறைப்பார்கள்; கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக்குவார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த பழைய காரை நன்கு அறிந்தவருக்கே வேறுபாடு தெரியும். மற்றவர்க்கு அழகாயிருக்கிறது என்ற உணர்வு மட்டும் தோன்றும், காரணம் புலப்படாது. இன்னும் சிலர் மங்கிய வண்ணத்தை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே கடுவேக எஞ்சினை ஒளித்து வைப்பர். அதற்கு ‘ஸ்லீப்பர்’, அதாவது உறங்குபவன், என்று பெயர்.

குருமடத்தில் பயின்றவனுக்கு உடனே எழும் தீர்ப்பை ஊகிப்பது கடினமன்று. முன்னவர் தெருக்கோடியில் நின்று செபிப்பவர். பின்னவர் கதவை அடைத்துக்கொண்டு செபிப்பவர். ஆனால் அந்தத் தீர்ப்பு மாலைவரை நிலைக்கவில்லை. மங்கிய பழுப்புக் காரின் உரிமையாளரான முதியவர் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “ஃபாதர், சிவப்பு விளக்கில் பக்கத்தில் நிற்பவன் என்னை ஏளனமாகப் பார்ப்பான். அதற்காகத்தான் இந்த வண்ணம். பச்சை விழுந்ததும் அவன் முகத்தை நீங்கள் பார்க்கவேண்டும்!” கண்ணாடி வைத்திருந்தவரோ, தகட்டை வளைத்தவர் யார், வண்ணம் தீட்டியவர் யார் என்று பிறர் பெயர்களையே மாலைவரை சொல்லிக்கொண்டிருந்தார். சிறுவர்களைத் தூக்கிப் பிடித்து உள்ளே காட்டினார்.

புனித தாமஸ் அக்குவினாஸ் புற ஒப்பனை பற்றிப் பேசுமிடத்தில், புனித அகுஸ்தினாரைத் துணைக்கழைத்து, ஆடம்பரத்தில் மட்டுமன்றி அழுக்கிலும் கந்தலிலும்கூட ஒருவர் பெருமை தேடக்கூடும் என எச்சரிக்கிறார். அழகுக்குரிய இயல்புகளுள் ஒளிர்வையும் ஒன்றாக எண்ணியவரும் அவரே. பெத்தானியாவில் உடைபட்ட நறுமணத் தைலத்தை வீண்செலவு என்றவர்கள், தங்களைச் சிக்கனமானவர்கள் என்றே கருதியிருப்பார்கள்.

அதே சாலையோரத்தில், ராயல் ஓக் என்னுமிடத்தில், சிறுமலர் திருத்தலம் இருக்கிறது. 1897இல் 24 வயதில் கார்மேல் மடத்துச் சுவர்களுக்குள் மறைந்த தெரேசாவுக்கு, வழிச்செல்வோர் அண்ணாந்து பார்க்கும்படி 1931இல் எழுந்த கோபுரம் அது! அதை எழுப்பிய அருள்பணி சார்லஸ் காக்லின் வானொலியால் நாடறிந்தவர். யூதருக்கெதிரான வெறுப்பையும் அதன் வழியே பரப்பியவர். 1942இல் திருச்சபைத் தலைமை அவரது அரசியல் குரலை நிறுத்தியது. 1966 வரை அங்கேயே பங்குத்தந்தையாக இருந்தார். அந்த 24 ஆண்டு மௌனத்தில் உள்ளமும் அடங்கியதா என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். கோபுரத்தை மட்டும் நான் குறை கூறமாட்டேன்.

குறை கூறும் தகுதியும் எனக்கில்லை. பல்லாண்டுகள் ஒரு பழைய சைக்கிளில் பங்கைச் சுற்றி வந்தவன் நான். மக்கள் இருமுறை மோட்டார் சைக்கிள் வாங்கித் தர முன்வந்தும் மறுத்தேன். ‘சாமியின் எளிமை’ பற்றிய பேச்சு என் காதிலும் விழுந்தது. விழட்டும் என்றே மெதுவாக மிதித்திருப்பேனோ என்னவோ. ஒரு மழையிரவில், ஒன்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கிளைப்பங்கிலிருந்து அவசர அழைப்பு வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பாட்டியின் கண்களை மூடியிருந்தார்கள். நோயில்பூசுதல் பெறாமலே அவர் போய்விட்டார். மகன் என் கைகளைப் பற்றிக்கொண்டு, “இந்த மழையில சைக்கிள்லயே வந்தீங்களே சாமி” என்றார். அவர் என்னைப் புகழ்ந்தார் என்பதுதான் இன்றும் தாங்கமுடியாதது.

அடுத்த வாரமே மோட்டார் சைக்கிளுக்குச் சம்மதித்தேன். சைக்கிள் இப்பொழுது அறைவீட்டுத் தாழ்வாரத்தில் சாய்ந்து நிற்கிறது. வருவோர் போவோர் எல்லாருடைய கண்ணிலும் படும் இடம் அது. உள்ளே எடுத்து வைக்கவேண்டும் என்று நெடுநாளாய் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.