ஆடி அடங்குவான் என்கிறார்களே

சதுரங்கத்தில் அலெகைன் தற்காப்பை முதன்முறை பார்க்கிறவருக்குக் கறுப்பின் மேல் பரிதாபம்தான் வரும். வெள்ளை சிப்பாயை நகர்த்தியதும் கறுப்பு ஒரு குதிரையை வெளியே அனுப்புகிறது. சிப்பாய் துரத்த, குதிரை ஓடுகிறது. இன்னொரு சிப்பாய் துரத்த, மறுபடி ஓட்டம். வெள்ளை பேராசைக்காரராக இருந்தால் ஐந்தே நகர்வில் நான்கு சிப்பாய்கள் பலகையின் நடுவை அடைத்துக்கொண்டு நிற்கும். பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் ஐந்து நகர்வும் சிப்பாய்களுக்கே போய்விட்டன. குதிரை, பிஷப் எதுவும் இன்னும் வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை. சிப்பாய்க்கோ பின்வாங்கத் தெரியாது.

1921-ல் புடாபெஸ்டில் சதுரங்க வீரர் அலெகைன் இந்தத் தற்காப்பை ஆடிக் காட்டினார். வேடிக்கை என்னவென்றால், அடுத்த ஆண்டே வியன்னாவில் அவர் வெள்ளையில் உட்கார்ந்து பெரிய மையம் கட்டினார். எதிரே இருந்த எர்ன்ஸ்ட் க்ரூன்ஃபெல்ட், அதன் அடியைக் குறிவைக்கும் தன் புதிய தற்காப்பை ஆடி அவரை வென்றார்.

அகலக்கால் வைத்தவனைப் பற்றி நம் ஊரில் ஆறுதலாக ஒன்று சொல்வார்கள்: ஆடுகிறவன் ஆடி அடங்குவான். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் ஒருவர் செயலாளர் பதவியோடு கணக்கு, தண்ணீர் லாரி, பொங்கல் விழா எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எத்தனை நாளைக்குத் தாங்குவார், பார்ப்போம்" என்று எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். அதற்குள் அவர் ஒவ்வொரு வேலைக்கும் தன் ஆள் ஒருவரை அமர்த்திவிட்டார். இப்போது யாரும் வாய் திறப்பதில்லை.

பலகையிலும் இதேதான். கறுப்பு கொஞ்சம் தாமதித்தால் வெள்ளையின் குதிரைகளும் பிஷப்புகளும் சிப்பாய்களுக்குப் பின்னால் வந்து முட்டுக்கொடுத்துவிடும்; பிறகு கறுப்புக்கு மூச்சுவிட இடமிருக்காது. அடி உடனே விழவேண்டும், அதுவும் முன்வரிசையில் இல்லை, அதைத் தாங்கி நிற்கும் சிப்பாயின் மேல். க்ரூன்ஃபெல்ட் தற்காப்பில் அதற்காகக் கறுப்பு தன் சிப்பாய் ஒன்றையே நீட்டிக் கொடுக்கும். சங்கத்தில் ஆரம்பத்திலேயே ஒருவர் எழுந்து, "இந்த மாதக் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்களேன் சார்" என்று கேட்டிருந்தால் போதும். கேட்டவருக்குக் கெட்ட பெயர் வந்திருக்கும், அது வேறு.

அந்தக் கேள்விக்கு அவர் சரியான கணக்கையே ஒட்டியிருக்கவும் கூடும். பேராசையும் திறமையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. தட்டிப் பார்க்காமல் எது எதுவென்று சொல்ல முடியாது. நான்கு சிப்பாய்களும் தாக்குப்பிடித்து வெள்ளை ஜெயிக்கும் ஆட்டங்களும் இருக்கத்தான் செய்கின்றன.

1972-ல் ரெய்க்யாவிக்கில், உலகப் பட்டப் போட்டியின் 13-வது ஆட்டத்தில் ஃபிஷர் இதே அலெகைன் தற்காப்பை எடுத்தார். வெள்ளையில் ஆடிய ஸ்பாஸ்கி ஆசைப்படவில்லை. இரண்டு சிப்பாய்களோடு நிறுத்திக் குதிரையை வெளியே எடுத்தார். அப்படியும் தோற்றார்.