உயரத்திலிருந்து காண்பது

சிம்பாங் அம்பாட்டிலிருந்து பாலங்கடந்து பினாங்குக் கொடிமலைக்குச் செல்வோர் பலர். நாமும் அன்பர் சிலருடன் ஒருநாள் சென்று, மலைமேல் கடலை நோக்கி இடப்பட்ட விசுப்பலகை ஒன்றில் அமர்ந்தோம். கீழே ஜார்ஜ் டவுன், அதற்கப்பால் நீரிணை, அதனையுங் கடந்து பசும்பாய் விரித்தாற்போல் மறுகரை. கண்கொள்ளாக் காட்சியென வியந்தோம்.

உடன்வந்த மூதாட்டி ஒருவர் வியக்கவில்லை. இளமை முழுவதையும் மறுகரைத் தோட்டத்தில் பால்மரம் சீவிக் கழித்தவர் அவர். தென்கிழக்கே நெடுநேரம் உற்று நோக்கி, “நாங்கள் குடியிருந்த லயம் இங்கிருந்து தெரியாதா, தம்பி?” என்று வினவினார். நாம் விடையற்று இருந்தோம்.

உயரத்தில் இருப்பவன் மிகுதியாகக் காண்கிறானா, குறைவாகக் காண்கிறானா?

வெப்பத்திற்கு அஞ்சிய வெள்ளை அதிகாரிகள் இம்மலையில் மாளிகைகள் அமைத்தனர். 1923-இல் மலை ரயில் ஓடத் தொடங்குமுன், குதிரை மீதும், கூலிகள் தோளிற் சுமந்த நாற்காலிகளிலும் ஏறிவந்தனர். அவர்கள் கண்டதும் இப்பசுமையே. அன்று வெல்லெஸ்லி மாகாணமென வழங்கிய அக்கரையின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாய் உழன்ற தமிழரை அவர்கள் இங்கிருந்து கண்டனரா? இந்தியாவிலிருந்து அம்முறையில் ஆள் சேர்ப்பது 1910-இல்தான் நின்றது. தொலைவு துன்பத்தை மறைத்து அழகை மட்டுமே காட்டும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

வெள்ளையரைப் பழித்துவிட்டு நாம் தப்பிவிடலாகாது. இன்று கட்டணம் செலுத்தும் எவரும் இப்பலகையில் அமரலாம், நன்றே. ஆனால், கல்வியாலும் பதவியாலும் உயர்ந்த நம்மவருள் எத்தனை பேர் அதே தொலைவில் நின்று தம் மக்களை நோக்குகின்றனர்! தோட்டம் விற்கப்பட்டு வீடும் வேலையும் ஒருங்கே இழந்தவனை, “முயற்சியற்றவன்” என ஒரு சொல்லில் ஒதுக்குகின்றனரே, அவன் கதையை அவனிடம் கேட்டதுண்டா?

அப்படியாயின் ஏறாதிருத்தல் மேலோ? அன்று. மரவரிசைகளுக்கிடையே பிறந்து மடிந்தவனுக்கு உலகின் விரிவு புலப்படாது. அதனை நம் பிள்ளைகள் காண வேண்டும், ஆகவே ஏறுக. எனினும், விரிவைக் கண்டவன் விவரத்தையும் அறிந்தவனாகான். விவரம் கீழே வாழ்ந்தவரிடம் உள்ளது.

நாம் எழுந்து அம்மூதாட்டியை அமர்த்தினோம். அவர் விரல்நீட்டி, கோயில் இருந்த இடம், பால் நிறுத்த இடம், தம் மூத்த பிள்ளையை அடக்கம் செய்த இடம் என ஒவ்வொன்றாகச் சொன்னார். எதிரே தெரிந்தது முன்கண்ட பசுமையே. அதனை வெறும் அழகென்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

மலையேறும் அன்பர்காள்! அடுத்தமுறை செல்லுங்கால், தோட்டத்தில் உழைத்த முதியவர் ஒருவரை உடனழைத்துச் செல்லுங்கள். அவரை அமர்த்தி, நீங்கள் நின்று கேளுங்கள்.