யாருக்குத் தடை?

தடை என்ற சொல் நமக்குப் பிடிப்பதில்லை. 'உள்ளே வராதே', 'இங்கே நிற்காதே' என்று எந்தப் பலகையைப் பார்த்தாலும் மனம் கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது. கதை எழுதுகிறவர்களுக்கு இந்தக் குணம் ஒரு பங்கு அதிகம். என் கதாநாயகர்கள் எத்தனையோ வேலிகளைத் தாண்டியிருக்கிறார்கள். வேலி போட்டவன் கெட்டவன், தாண்டியவன் நல்லவன் என்பது எங்கள் தொழிலில் சௌகரியமான ஒரு கணக்கு. அந்தக் கணக்கில் பிழை இருக்கலாம் என்ற சந்தேகம், தள்ளாத வயதில், அயல்நாட்டுக் காடு ஒன்றில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு வந்தது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில் என் மகள் இருக்கிறாள். இலையுதிர் காலத்தில் அவளிடம் போய்த் தங்கியிருந்தேன். ஒரு நாள் இரவு சாப்பாட்டின்போது அவள், "அப்பா, சைக்கிள் ஓட்டப் போகலாமா?" என்று கேட்டாள். மாப்பிள்ளையின் கை பாதி வழியில் நின்றுவிட்டது. எனக்கும் அப்படித்தான். மூன்று வருஷமாக அவள் சைக்கிளைத் தொட்டதில்லை.

அதற்கு முன்னால் தினமும் வேலைக்குச் சைக்கிளில்தான் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில் பின்னால் வந்த கார் தட்டிவிட்டது. காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கையைத் தொட்டில் கட்டிக்கொண்டிருந்தாள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் பின்னால் மோட்டார் சத்தம் கேட்டால் தோள் தானாகவே குறுகிக்கொள்ளும் வழக்கம் மட்டும் போகவில்லை. இடித்தவர் பொல்லாத மனிதர் அல்ல. உடனே இறங்கி ஓடி வந்து, "நான் உங்களைப் பார்க்கவே இல்லையே!" என்று கண் கலங்கினாராம். "அவர் சொன்னது நிஜம்தான் அப்பா. அதுதான் எனக்குப் பயம்" என்று அப்போது எனக்கு டெலிபோனில் சொன்னாள்.

மறுநாள் பிற்பகல் மாப்பிள்ளை காரில் கிளம்பினோம். மூன்று மணி நேரப் பிரயாணம். பாதி தூரம் போனதும் குறுகலான மலைச் சாலை. எங்களுக்கு முன்னால் ஒருவர், என் வயது இருக்கும், சைக்கிளில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தார். வளைவுகள் அதிகம், தாண்டிப் போக முடியவில்லை. இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று எனக்குப் பரபரப்பு. "ஒரு ஹார்ன் அடியுங்களேன் மாப்பிள்ளை, ஒதுங்கட்டும்" என்றேன்.

அவர் அடிக்கவில்லை. பின் ஆசனத்திலிருந்து என் மகளும் எதுவும் சொல்லவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இரவு விடுதியில் படுத்த பிறகுதான் நான் என்ன சொன்னேன், யாரை வைத்துக்கொண்டு சொன்னேன் என்பது உறைத்தது. காரில் ஏறி உட்கார்ந்த சிறிது நேரத்துக்குள், என் பெண்ணை இடித்தவருக்கும் எனக்கும் அதிக வித்தியாசம் இல்லாமல் போய்விட்டது.

நாங்கள் போன இடத்துக்குப் பைன் கிரீக் என்று பெயர். அது ஒரு சிற்றாறு. டயோகா, டயடாட்டன் என்ற இரண்டு அரசுக் காடுகளின் நடுவே அது பள்ளத்தாக்கு ஒன்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. சில இடங்களில் பள்ளத்தின் ஆழம் 1,400 அடிக்கு மேல். ஆற்றை ஒட்டியே ஒரு பாதை, 62 மைல் நீளம். பொடித்த சுண்ணாம்புக் கல்லைப் பரப்பி இறுக்கியிருக்கிறார்கள். சைக்கிளில் போகலாம், நடக்கலாம். மோட்டார் வண்டிகளுக்கு இடம் இல்லை. பாதை தொடங்கும் இடத்தில் ஒரு தடுப்பு இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு சைக்கிள் நுழையும் அளவுக்குச் சந்து.

என் மகளிடம் இருந்தது, இப்படிப்பட்ட சரளைப் பாதைகளுக்கென்றே செய்யப்படும் சைக்கிள். டயர் அகலம்; கைப்பிடி கடாவின் கொம்பைப் போலக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். எனக்கு வாடகைக்குக் கிடைத்தது நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சாது வண்டி. என் அந்தஸ்துக்கு அது போதும். மாப்பிள்ளை கொஞ்சம் பின்தங்கி வந்தார்; வேண்டுமென்றேதான்.

முதல் அரை மைல் அவள் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். பிறகு பார்ப்பது குறைந்தது. சக்கரத்துக்கு அடியில் சரளை நொறுநொறுவென்று பேசிக்கொண்டே வந்தது. மேப்பிள் இலைகள் குங்குமமாகச் சிவந்து ஆற்றில் விழுந்துகொண்டிருந்தன. திடீரென்று கவனித்தேன்: அவள் தோள் இறங்கியிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்பு நான் பார்த்த பெண் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். தகப்பனுக்கு அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும் என்பதை எழுதத் தேவையில்லை.

அந்தப் பாதையில் ஏற்றமும் தெரியவில்லை, இறக்கமும் தெரியவில்லை. மலைநாட்டில் இது எப்படி என்று எனக்கு ஆச்சரியம். அது பழைய ரயில் பாதை என்று மாப்பிள்ளை சொன்னார். 1883-ல் போட்டார்கள். அந்த வட்டாரம் முழுவதும் அப்போது வெள்ளைப் பைனும் ஹெம்லாக்கும் வானத்தை மறைத்துக்கொண்டு நின்றனவாம். பைன் மரத்தைக் கட்டடத்துக்கும் கப்பலுக்கும் வெட்டினார்கள். ஹெம்லாக்கின் பட்டை தோல் பதனிடுவதற்கு உதவும். பட்டையை மட்டும் உரித்துக்கொண்டு மரத்தைக் கிடந்து மக்கட்டும் என்று விட்ட காலமும் உண்டு. மரத்தை முதலில் ஆறு சுமந்தது. பிறகு ரயில் சுமந்தது. இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில வருஷங்களுக்குள் வெட்ட மரம் இல்லை. மிஞ்சிய சருகிலும் கிளையிலும் ரயில் எஞ்சினின் பொறி விழுந்து பற்றிக்கொண்டது. காடு என்ற பெயரில் கரிக்கட்டைகள்தாம் நின்றன.

அந்தக் காலத்தில் அங்கே எந்தத் தடுப்பும் இல்லை. கோடரி வைத்திருந்தவனுக்குப் பரிபூரண சுதந்திரம். 'வல்லான் வகுத்ததே வாய்க்கால்' என்று நம் ஊரில் சொல்வார்களே, அதுதான்.

பிறகு சிலருக்குப் புத்தி வந்தது. ஜோசப் ராத்ராக் என்று ஒரு டாக்டர். தாவர சாஸ்திரமும் படித்தவர். காட்டை அழித்தால் நாடு பிழைக்காது என்று ஊர் ஊராகப் பேசினார். 1895-ல் அவரையே அந்த மாகாணத்தின் முதல் வன கமிஷனராக நியமித்தார்கள். 1898-லிருந்து, யாருக்கும் வேண்டாத மொட்டை நிலங்களை மாகாண அரசு வாங்கத் தொடங்கியது. தீயைத் தடுத்தார்கள், வெட்டுவதற்கு வரம்பு கட்டினார்கள், 1930-களில் வேலையில்லாத இளைஞர்களைக் கொண்டு மரம் நட்டார்கள். இன்று அந்த மாகாணத்தின் அரசுக் காடுகள் சுமார் 22 லட்சம் ஏக்கர். நான் பார்த்த மேப்பிள் மரங்களின் நிழல், ஒரு தலைமுறை தன் கையைக் கட்டிக்கொண்டதன் பலன்.

ரயிலின் கதை 1988-ல் முடிந்தது. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், 1996-ல் இந்தப் பாதையின் முதல் பகுதியைத் திறந்தார்கள். காட்டை ஏற்றிக்கொண்டு போவதற்காகப் போட்ட வழியில்தான் இப்போது காட்டைப் பார்க்க வருகிறார்கள்.

ஆற்றங்கரையில் இறங்கி, கொண்டுவந்திருந்த தயிர்சாதத்தைப் பிரித்தோம். என் புதிய ஞானத்தை அங்கேயே அவிழ்த்துவிட்டேன். "தடை என்றால் சுதந்திரத்துக்கு விரோதம் என்று நினைத்திருந்தேன். இங்கே அந்தத் தடுப்பு இருப்பதால்தானே உனக்குச் சுதந்திரம்?" என்றேன்.

மாப்பிள்ளை மெல்லச் சிரித்தார். "மாமா, நடக்க முடியாதவர், சைக்கிள் ஓட்ட முடியாதவர் கார் இருந்தால்தானே காட்டைப் பார்க்கலாம்? அவருக்கு இது நியாயமா?" என்றார்.

நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் காடுகளில் காருக்கும் சாலைகள் இருக்கின்றன. பள்ளத்தாக்கின் உச்சிக்குக் காரிலேயே போய் நின்று பார்க்கலாம். சம தரை என்பதால் சக்கர நாற்காலியில் வருகிறவரும் இந்தப் பாதையில் கொஞ்ச தூரம் போகலாம். எல்லா வழியும் வலுத்தவனுக்கு என்று இருந்ததில், ஒரு வழியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

என் மகளின் கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

"அப்பா, வீட்டிலிருந்து ஆபீஸ் நாலு மைல். அங்கே ஓட்ட முடியலை. காரிலே மூணு மணி நேரம் வந்து, கார் இல்லாத இடத்திலே ஓட்டறேன். இது எனக்குக் கொடுத்த மரியாதையா, இல்லை என்னை ஒதுக்கி வைச்சதா? காட்டிலே இருக்கிற நியாயம் ஊரிலே ஏன் இல்லை?"

சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஆற்றைப் பார்த்தேன்.

அவள் வீட்டு வாசல் சாலையில் 'சைக்கிள்கள் வரக்கூடாது' என்று பலகை கிடையாது. சட்டப்படி அவளுக்கும் அந்தச் சாலையில் உரிமை உண்டு. ஆனாலும் மூன்று வருஷமாக அவளால் போக முடியவில்லை. அவளைத் தடுத்தது பயம். பயத்துக்குப் பலகை வேண்டியதில்லை. ஆகவே, தடை இல்லாத சாலை என்று நாம் நினைப்பது தவறு. அங்கேயும் தடை இருக்கிறது; மெலிந்தவர் மேல் இருப்பதால் அது நம் கண்ணில் படுவதில்லை. காட்டுப் பாதையில் அந்தத் தடையை எடுத்து வலுத்தவர் மேல் வைத்தார்கள். உடனே அது பலகையாகவும் தடுப்பாகவும் நம் கண்ணுக்குத் தெரிகிறது. சுதந்திரம் போயிற்றே என்று சண்டைக்குப் போகிறோம்.

இது மோட்டாருக்கும் சைக்கிளுக்கும் மட்டும் உள்ள வழக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் உரக்கப் பேசுகிறவர் ஒருவர் இருந்தால், மற்றவர்கள் பேசாமல் இருப்பதை அமைதி என்று நினைத்துக்கொள்கிறோம். அவரைக் கொஞ்சம் அடக்கச் சொன்னால்தான், யாரோ யாரையோ தடுப்பதாகத் தோன்றுகிறது.

ஒரு தடவை தடுப்பைப் போட்டுவிட்டால் காரியம் முடிந்தது என்றும் இல்லை. 2008-ஐ ஒட்டி இந்த அரசுக் காடுகளின் சில பகுதிகளை இயற்கை வாயு எடுப்பதற்குக் குத்தகைக்கு விட்டார்கள். காட்டுச் சாலைகளில் லாரிகள் ஓடின. 2015-ல் புதிய குத்தகைகளை நிறுத்தி ஆளுநர் உத்தரவிட்டார். ஒவ்வொரு தலைமுறையும் தன் கையை மறுபடியும் கட்டிக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

ஆனால் ஊர்ச் சாலைக்கு எல்லாம் காட்டுத் தடுப்பைப் போட முடியுமா? சில தெருக்களில் முடியும், போட வேண்டும். போட முடியாத இடத்தில், அந்தத் தடுப்பு வண்டி ஓட்டுகிறவரின் வலது காலில்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாமனாரின் நாக்கிலும் இருந்தால் நல்லது.

மாலையில் திரும்பினோம். மலைச் சாலை முடிகிற இடத்தில் மறுபடியும் ஒரு சைக்கிள் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியது ஒரு பையன், முதுகில் பை. மாப்பிள்ளை வேகத்தைக் குறைத்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். சாலை அகன்று, நிறைய இடம் விட்டு அவனைத் தாண்டிப் போனபோது மறுபடியும் பார்த்தேன்.

இரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. முதல் நாள் ஹார்ன் அடித்து நான் மிச்சம் பிடிக்கப் பார்த்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும்.

"நேற்று நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதம்மா" என்றேன், திரும்பாமலே.

பின் ஆசனத்திலிருந்து கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. பிறகு, "அடுத்த தடவை நீங்களும் அந்த வளைஞ்ச கைப்பிடி வண்டியிலேயே ஓட்டிப் பாருங்கப்பா" என்றாள்.