சொல்லாமல் விட்ட பாதி

அப்பாவிடம் நான் பாதி உண்மையைத்தான் சொன்னேன். அது பொய்யாகுமா என்ற வழக்கு எனக்குள் இன்னும் முடியவில்லை.

பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அப்பா முப்பது வருடம் பால் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு காவல் வேலைக்குப் போனார். போன வருடம் மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். இதயத்தில் ஒரு பகுதி தழும்பாகிவிட்டது, இனி கனமாக எதையும் தூக்கக்கூடாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்:

“கை அறுந்தா தோலு கூடுது. பால் மரத்துல பட்டைய வெட்டுனா திரும்ப வளருது. இதுக்கு மட்டும் ஏன் பாப்பா வளர மாட்டேங்குது?”

எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் உயிர்த்தொழில்நுட்பம் படித்தவள் நான். படித்ததற்கு வீட்டில் யாரும் கேட்ட முதல் கேள்வி இதுதான். தேடித் தேடி வாசித்தேன்.

நம் இதயத் தசைச் செல்கள் அநேகமாகப் பிரிவதே இல்லை. 25 வயதில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதம் புதிதாகின்றன, 75 வயதில் அதிலும் பாதிக்குக் குறைவு என்று 2009இல் சுவீடன் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆனால் பிறந்து ஒரு நாளே ஆன எலிக்குஞ்சின் இதய நுனியை வெட்டினால் அது மீண்டும் வளர்கிறது. ஏழு நாள் ஆன குஞ்சுக்குத் தழும்புதான் மிச்சம். இடைப்பட்ட நாட்களில் நடப்பவற்றில் ஒன்று, சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் பெருகி, செல் பிரிவதை நிறுத்த உதவுவது.

மைக்ரோ ஆர்.என்.ஏ என்பது சுமார் 22 எழுத்து நீளமுள்ள சிறு துண்டு. 1993இல் ஒரு மில்லிமீட்டர் புழுவில் இதைக் கண்டறிந்து சொன்னதற்காகத்தான் விக்டர் அம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்கனுக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது. மரபணுவின் உத்தரவு புரதமாக மாறுவதற்கு முன் இந்தத் துண்டு போய் அதில் ஒட்டிக்கொள்கிறது, உத்தரவு அடங்கிப்போகிறது. இதன் முக்கிய வேலையே வாயை மூட வைப்பதுதான்.

எல்லா மைக்ரோ ஆர்.என்.ஏ.வும் வளர்ச்சியைத் தடுப்பதில்லை. 199 என்ற எண் கொண்ட ஒன்று, பிரிதலுக்குத் தடையாக இருக்கும் உத்தரவுகளை அடக்குகிறது. 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், மாரடைப்பு உண்டாக்கப்பட்ட பன்றிகளின் இதயத்துக்குள் ஒரு வைரஸின் மூலம் இதைச் செலுத்தினார்கள். ஒரு மாதத்தில் தழும்பு சுருங்கியது, தசை கூடியது, இதயம் நன்றாகச் சுருங்கி விரிந்தது.

இதுவரைதான் அப்பாவிடம் சொன்னேன்.

சொல்லாதது: அந்த வைரஸ் ஓயாமல் உற்பத்தி செய்துகொண்டே இருந்தது. நிறுத்த வழியில்லை. இதயத்துடிப்பு தாறுமாறாகி, மருந்து பெற்ற பன்றிகளில் பெரும்பாலானவை திடீரென்று செத்துப்போயின.

நான் மறைத்ததில் புதுமை ஒன்றுமில்லை. லயத்து வீடுகளில் நோயை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதற்கு அன்பு என்றுதான் பெயர். பாட்டிக்குப் புற்றுநோய் என்பது அவரைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. “வயசானவங்ககிட்ட எதுக்கு” என்பார்கள். அப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை நானே அணைக்க வேண்டுமா?

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில், அப்பா கேஸ் தோங்கைத் தூக்கிக்கொண்டு படியேறுவதைப் பார்த்தேன். நடைப்பயிற்சியை எப்போதோ விட்டிருந்தார். கத்தினேன். “அதான் மருந்து வரப்போவுதுல்ல” என்றார் சாதாரணமாக.

என் மௌனம் அவர் உடம்புக்குள் வேலை செய்துகொண்டிருந்தது அப்போதுதான் புரிந்தது.

மௌனமே தவறு என்று நான் சொல்லவரவில்லை. உத்தரவுகளை அடக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் இல்லாவிட்டால் இதயமே சரியாக உருவாகாது. அவற்றில் ஒன்றை நீக்கியபோது எலிக்குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி இதயக் கோளாறுகளோடு செத்தன. ஆஸ்பத்திரிக் கட்டிலில் முதல் இரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டியிருந்தால் அதுவும் கொடுமைதான். ஆனால் அந்தப் பன்றிகளைக் கொன்றது மருந்தா, அல்லது அதை நிறுத்த முடியாமல் போனதா? என் மௌனத்தையும் இந்தக் கேள்வியால்தான் அளக்கிறேன். கேட்டால் விலகிவிடக்கூடிய மௌனம் பராமரிப்பாக இருக்கலாம். அப்பாவால் என் மௌனத்தை விலக்கக் கேட்கவே முடியாது. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. அவர் உடம்பைப் பற்றிய முடிவை அவருக்குப் பதிலாக நான் எடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மீதியைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, வெகுநேரம் பேசவுமில்லை. பிறகு சொன்னார்:

“பட்டையோட வெட்டுனா நல்லா வளரும். கத்தி உள்ள கட்டையில பட்டாலும் வளரும், ஆனா முண்டு முண்டா வளரும். அப்புறம் அந்த எடத்துல கத்தி ஓடாது.” சற்று நிறுத்தி, “நிறுத்த வழி கண்டுபிடிச்சா குடுப்பாங்களா?” என்றார்.

சில நாளில் தானாகவே கரைந்துவிடும் செயற்கைத் துண்டுகளை ஒரே ஒருமுறை ஊசியில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், பலன் இருந்தது என்றேன்.

“மனுசனுக்கா?”

வாய்வரை வேறு ஏதோ வந்தது.

“இல்லப்பா. எலிக்கு.”

சிரித்தார். எழுந்து வாசலில் கிடந்த சப்பாத்தைத் தேடினார். இருட்டுவதற்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு வரலாம் என்றார். நானும் கூடப் போனேன்.