இலக்கமிடப்படாத வீடுகள்

ஒரு வீட்டைப் பெயர்த்து வேறிடத்தில் எழுப்பினால் அது அதே வீடுதானா?

ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் ஈனா டி சில்வாவுக்காகக் கொழும்பில் கட்டிய வீட்டைப் பகுதி பகுதியாகக் கழற்றி, இலக்கமிட்டு, பெந்தோட்டைக்கருகே அவரது லுணுகங்கா தோட்டத்தில் மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். பாவாவின் தந்தைவழிப் பாட்டனார் முஸ்லிம் என்பதில் நமக்கொரு பெருமிதம் உண்டு. அவரது கட்டடங்களைப் போய்ப் பார்ப்பதும் காப்பதும் நல்ல காரியமே.

ஆனால் நான் மன்னார்க்காரன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை வெளியேற்றியபோது எங்கள் வீடுகளுக்கு இலக்கமிட யாருமில்லை. ஓடும் கதவும் போயின. முற்றத்தில் பற்றை வளர்ந்தது. 2008இல் போருக்குத் தப்பித் தேவன்பிட்டிக்குப் போன மடுமாதா சொரூபம் அதே ஆண்டில் திரும்பியது. அங்கே கோயில் காத்திருந்தது. லுணுகங்காவில் மரமும் கல்லும் காக்கப்பட்டன. எங்களுக்கு எஞ்சியது நினைவு மட்டும்.

பாதுகாக்கும் கடமை கட்டியவரின் புகழைப் பொறுத்ததா? இல்லை என்றே நினைக்கிறேன். வாழ்ந்தவர்களின் ஒழுங்குதான் வீடு. கிணறு எங்கே, பெண்கள் இருந்த உள்விறாந்தை எங்கே, பள்ளிவாசலுக்குப் போன ஒழுங்கை எது என்று சொல்லக்கூடிய மூத்தவர்கள் புத்தளத்தில் ஒவ்வொருவராக மவுத்தாகிறார்கள். அவர்கள் சொல்வதை அளவோடு எழுதிவைப்பது நம்மீதுள்ள அமானிதம். கல்லைப் பிறகும் தேடலாம்.