மதிலுக்கு அப்பால் நீளும் கிளை

"உங்க மாமரத்தைப் பார்த்தாலே பயமா இருக்குங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நிற்கிறார். உனக்கு நெஞ்சு கொதிக்கிறது. அப்பா ஒசூர் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலி மனைகளுக்கு நடுவே நட்ட மரம். நேற்று வீடு கட்டியவர் அதைக் குறை சொல்வதா என்று கேட்கிறாய். கொதிப்பு இருக்கட்டும் தம்பி, அதைத் தைரியம் என்று மட்டும் எண்ணிவிடாதே!

சித்திரை, வைகாசி மாலைகளில் இங்கே சுழற்றியடிக்கும் காற்றை நீ அறிவாய். பிள்ளைகள் தூங்கும் தகரக் கூரைக்கு மேல் காய்ந்த கிளை தொங்கினால் உனக்குத் தூக்கம் வருமா? அவர் மாடியில் மழைநீர்க் குழாயைச் சருகு அடைக்கிறது. கொப்பு மின்கம்பியை உரசுகிறது. இதில் எது பொய்? முழுவதையும் கேள். தமிழில் சொன்னாலும், தெலுங்கில் சொன்னாலும், கன்னடத்தில் சொன்னாலும் கேள்.

ஆளைக் கூப்பிட்டு மரத்தை மொட்டையடிப்பது எளிது. கேட்டைச் சாத்திக்கொண்டு முகம் கொடுக்காமல் இருப்பது அதைவிட எளிது. இரண்டும் கோழைத்தனம்! மொட்டையடித்த இடத்தில் கொத்துக்கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிப்பே இருக்காது. பின்னாளில் காற்றுக்கு முறிபவை அவைதான். கிருஷ்ணகிரி மாந்தோப்புக்காரரைக் கேள், காய் பறித்து முடிந்ததும் கவாத்து என்பார். காய்ந்ததை எடு, ஒன்றோடொன்று உரசுவதை எடு. கிளை பிறக்கும் இடத்தில் உள்ள தடிப்பை மட்டும் தொடாதே, காயம் மூடுவது அங்கிருந்துதான். கம்பியருகே நீ ஏறவே கூடாது. மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே வேலை. தண்டைத் தட்டும்போது வெற்றோசை கேட்டால் விவரம் தெரிந்தவரை அழைத்துக் காட்டு. உளுத்துப்போனது உறுதியானால் மரத்தையே எடுக்கவும் துணி. மதிலைவிட்டுத் தள்ளி இன்னொன்று நடு.

எல்லைக்கு அப்பால், கர்நாடகத்தில் ஹுளிகல் என்றோர் ஊர். கல்லுடைத்துப் பிழைத்த, பள்ளி வாசலை மிதிக்காத திம்மக்கா, கணவர் சிக்கையாவோடு குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து சாலையோரம் 385 ஆலமரங்களை வளர்த்தார். 2019-ல் பத்மஸ்ரீ வந்தது. அதே ஆண்டில் சாலை விரிவாக்கத்தால் அந்த மரங்களுக்கே ஆபத்து வந்தது. நூறு வயதைக் கடந்த அந்தத் தாய் அன்றைய முதலமைச்சர் குமாரசாமியிடமே போய், மரங்களை விட்டுவிடுங்கள் என்று கேட்டார். உன்னைப் பார், பத்தடி தூரத்தில் இருக்கும் கதவைத் தட்ட யோசிக்கிறாய்!

இன்று ஷிப்ட் முடிந்ததும் நேரே அங்கே போ. "அண்ணா, உங்க மாடியில நின்னு பார்க்கலாமா? எந்தக் கிளைன்னு காட்டுங்க. ஆள், கயிறு, கூலி எல்லாம் என் பொறுப்பு" என்று சொல். அவர் காட்டும் கிளையை அவரோடு சேர்ந்து அண்ணாந்து பார்.