விண்வெளிப் பயணமும் உயிரின் விலையும்

உயிரினும் அரியது உலகில் இல்லை என்று கூறும் நாமே, உயிரைப் பணயம் வைத்து விண்ணுக்குச் செல்வோரை வியந்து போற்றுகின்றோம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்துமா? வாசக அன்பர்களுடன் இதனைச் சற்றே சிந்திக்க விழைகின்றோம்.

விண்வெளிப் பயணத்தால் பயனில்லை என்று கூறுதல் நேர்மையாகாது. ஹப்பிள் தொலைநோக்கியின் பார்வைக் குறையை 1993 டிசம்பரில் சீர்செய்தவை மனிதக் கரங்களே. எனினும், 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கிய சந்திரயான்-3இல் மனிதர் எவரும் இல்லை. ஆதலின் பயனை மட்டும் எடைபோட்டு முடிவு காண்பது அரிது. ஆபத்தைச் சுமப்பவர் யார், அதனை அறிந்து சுமக்கின்றாரா என்பதையே நாம் முதலில் வினவுதல் வேண்டும்.

1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73 விநாடிகளில் சிதைந்தது. கிறிஸ்டா மெக்காலிஃப் என்னும் பள்ளி ஆசிரியை உள்ளிட்ட 7 பேரும் உயிர் நீத்தனர். ராக்கெட்டின் இணைப்பை அடைத்திருந்த ரப்பர் வளையம் குளிரில் நெகிழ்ச்சி இழந்து, கனன்ற வாயுவைக் கசியவிட்டதே காரணம். அந்த ராக்கெட்டை உருவாக்கிய பொறியாளர்கள் முந்தைய நாள் இரவே இதனை எடுத்துரைத்து, பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டினர். மேலாளர்கள் இசையவில்லை. அவ்விவாதம் பயணிகளின் செவிக்கு எட்டவுமில்லை. விண்வெளி ஆபத்தானது என்பதை அறிந்தே அவர்கள் முன்வந்தனர். அன்று காலை காத்திருந்த ஆபத்தை மட்டும் அறியாமல் ஏறினர்.

2003இல் கொலம்பியா விண்ணோடத்திலும் இதுவே நிகழ்ந்தது. ஏவும்போது பெயர்ந்த நுரைத்துண்டு இறக்கையைத் தாக்கியது. சேதத்தைப் படமெடுத்து ஆராயப் பொறியாளர்கள் கேட்டும் பயனில்லை. கவலை வேண்டா என்றே விண்ணிலிருந்தோருக்குச் செய்தி சென்றது. பிப்ரவரி 1 அன்று, தரையிறங்க 16 நிமிடங்களே இருந்த நிலையில், கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட 7 பேரும் மறைந்தனர்.

இவர்களுக்கும் முன்னே, 1957 நவம்பர் 3 அன்று, லைகா என்னும் நாயைச் சோவியத் நாடு விண்ணுக்கு அனுப்பியது. அதனை மீட்டுக் கொணர வழியேதும் வகுக்கப்படவில்லை. வெப்பம் மிகுந்து சில மணி நேரத்திலேயே அது மாண்டது. அப்பணியில் பங்கேற்ற விஞ்ஞானி ஒலெக் கசென்கோ, அந்த உயிரிழப்புக்கு ஈடான அறிவு கிட்டவில்லை என்று 1998இல் வருந்தினார். ஏற்பதற்கோ மறுப்பதற்கோ வாயற்ற உயிரின்மேல் சுமத்திய ஆபத்தை வீரம் என எங்ஙனம் அழைப்போம்?

அறிந்து, விரும்பி ஒருவர் தம் உயிரைப் பணயம் வைப்பாராயின், அத்துணிவை நாம் வணங்குவோம். உண்மையை மறைத்துப் பிறர் உயிரைப் பணயம் வைப்பதற்கு எந்தச் சாதனையும் நியாயமாகாது. ககன்யான் திட்டத்தின் வழி நம் நாடும் மனிதரை விண்ணுக்கு அனுப்ப ஆயத்தமாகி வருகின்றது. புறப்படும் நாளன்று ஒரே ஒரு பொறியாளர் எழுந்து "வேண்டா" என்றாலும், அக்குரலைச் செல்வோரும் கேட்கட்டும். நாள் தள்ளிப்போவதால் நாட்டின் பெருமை குன்றிவிடாது. போன உயிரோ மீளாது.